டீ டெஸ்ட்

சார், சார்! அத முழுங்கிடாதீங்க. தண்ணி பாட்டில கீழ வைங்க. அது மெல்ற மாத்திரை சார். நல்லா கடிச்சி, வாயிலயே மாவா அரைச்சி, அப்பறம் தான் முழுங்கணும். அப்படியே முழுசா உள்ள தள்ளிட்டு, எரிச்சல் அடங்கல அடங்கலன்னா மாத்திரை என்னா பண்ணும்? ஆங், மெல்லுங்க. சாக்பீஸக் கடிக்கிற மாதிரி தான் இருக்கும், அப்பறம் லேசா புதினா வாசம் வரும். மூஞ்சிய அப்படிச் சுளிக்கக் கூடாது. பதினோரு வருஷமா அந்த வாசத்துல தான் நான் குடித்தனமே பண்றேன்.

யாருடா இவ, பஸ்ஸு விழுப்புரத்தத் தாண்டறதுக்குள்ள டாக்டர் மாதிரி பேசறாளேன்னு பாக்கறீங்க. நான் டாக்டரும் இல்ல, நர்ஸும் இல்ல. என் பேரு பிலோமினா. புதுச்சேரி ரோட்டுல ஒரு மாத்திரை கம்பெனி, அதுல லேப்ல இருக்கேன். இந்த வயித்தெரிச்சல் மாத்திரை தான் எங்க சரக்கு. நீங்க போட்டது எங்களுது இல்ல, அட்டையப் பாத்தாலே தெரியுது. மாத்திரை ஆசிட்ட எவ்வளவு தின்னுதுன்னு பாத்து, தின்னா பாஸ், தின்னலன்னா ஃபெயில்னு சொல்றது என் வேலை. ஒரு தடவ மாவு கலக்கி அடிக்கிற மொத்த மாத்திரையும் ஒரு பேட்ச். பதினோரு வருஷத்துல என் கையில ஒரு பேட்ச் ஃபெயில் ஆனது கிடையாது. ஒண்ணு கூட கிடையாது சார்.

இன்னிக்குப் பதினோரு மணிக்கு மெட்ராஸ்ல, அரசாங்க மருந்து ஆபீஸ்ல விசாரணை. என்னைக் குத்தம் சாட்டி இல்ல, நான் சாட்சி. கிண்டில எறங்கினா நடந்து போற தூரமாம். கம்பெனி கார்லயே கூட்டிட்டுப் போறேன்னு தான் எங்க மொதலாளி, எம்.டி. சார் சொன்னாரு. ரெண்டு பேரும் ஒண்ணா வந்து எறங்கினா நல்லா இருக்காதுன்னு கம்பெனி வக்கீல் சொல்லிட்டாராம், அதான் பஸ்ஸு. நான் அங்க போயி ஒரே ஒரு விஷயம் சொல்லணும். அத நான் எப்படிச் சொல்றனோ, அதுல தான் சுகிர்தான்னு ஒரு பொண்ணோட பேரு தொங்கிக்கினு இருக்கு. அவ பொய் ரீடிங் எழுதினாள்னு முடிவாச்சின்னா, டெஸ்ட் ரிப்போர்ட்ல கையெழுத்து போடற உரிமைய எடுத்துடுவாங்க. அப்பறம் எந்த மருந்துக் கம்பெனி லேப்லயும் அவ கால் வைக்க முடியாது. இருபத்தாறு வயசு.

அதுக்கு நான் என்னா பண்றது? அவளுக்கு மட்டும் தான் பேரா, எனக்குப் பேரு இல்லியா?

சொல்றேன், கேளுங்க. கஷ்டமான விஷயம் ஒண்ணும் இல்ல. ஒரு கண்ணாடி பீக்கர்ல அளந்து ஆசிட் ஊத்துவோம். அது தான் வயிறுன்னு வச்சிக்கங்க. மாத்திரைய உரல்ல இடிச்சிப் பொடியாக்கி, ரெண்டு மாத்திரை அளவு நிறுத்து அதுல போடுவோம். இடிக்கறது எதுக்கு? நீங்க இப்ப மென்னீங்களே, அதுக்குப் பதிலு. பீக்கருக்கு அடியில ஒரு மிஷின், ஸ்டிரர்னு பேரு, அது ஒரு சின்ன காந்தத்தச் சுத்த விட்டு கலக்கிக்கினே இருக்கும். பதினஞ்சு நிமிஷம். அதுக்கப்பறம் தின்னது போவ மிச்ச ஆசிட் எவ்வளவு இருக்குதுன்னு பாக்கணும். அதுக்கு மேல இருந்து, ஆசிட்ட முறிக்கற காஸ்டிக் தண்ணிய சொட்டு சொட்டா விடுவோம். பீக்கர்ல ஒரு கலர் மருந்து கலந்திருக்கும். ஆசிட் இருக்கற வரைக்கும் சாமந்திப்பூ மஞ்சள்ல நிக்கும். தீரப் போற நேரத்துல மஞ்சள் லேசா பச்சையா மயங்கும். அடுத்த சொட்டுல நீலம். அந்த ஒரு சொட்டுல குழாய மூடணும். அங்க தான் சார் கையி, அங்க தான் கண்ணு. காஸ்டிக் முப்பத்தாறு மில்லிக்குள்ள நின்னா பாஸ். தாண்டினா ஆசிட் நிறைய மிச்சம் கெடக்குது, மாத்திரை ஒழுங்கா தின்னலன்னு அர்த்தம்.

நான் பத்தாவது தான். கண்ணாடி சாமான் கழுவுற வேலைக்குத் தான் சேந்தேன். அப்ப இருந்த கெமிஸ்ட் தணிகாசலம் சார் தான் எல்லாம் சொல்லிக் குடுத்தாரு. எனக்குத் தெரியறதுக்கு முன்னாடி உனக்கு நீலம் தெரியுது பிலோன்னுவாரு. அவரு வேலைய விட்டு மகன் வீட்டுக்குப் போனதும் டெஸ்ட் பூரா என் கைக்கு வந்துடுச்சி. கையெழுத்து போட மட்டும் டிகிரி படிச்ச ஒருத்தர் சனிக்கிழமைல வருவாரு. ஒரு வாரத்துக்கு மொத்தமா உக்காந்து போட்டுட்டுப் போவாரு. ஒரு நாள் கூட என்னை ஒரு கேள்வி கேட்டதில்ல. அவ்வளவு நம்பிக்கை.

நேரமா? ஆங், நீங்களும் அங்க தான் வரீங்க. எல்லாரும் அங்க தான் வராங்க.

லேப்ல கடியாரம் தாங்காது சார். ஆசிட் ஆவி பட்டு முள்ளெல்லாம் துருப்பிடிச்சிடும். ரெண்டு கடியாரம் வாங்கி மாட்டினாங்க, ரெண்டும் செத்துப் போச்சி, அப்பறம் வாங்கறதையே விட்டுட்டாங்க. செல்போன் கேட்டுலயே குடுத்துடணும். தணிகாசலம் சார் தான் வழி சொன்னாரு. ஸ்டிரரப் போட்டுட்டு நேரா கேட்டுக்குப் போ, டீ குடி, திரும்பி வா, சரியா பதினஞ்சு நிமிஷம் இருக்கும்னாரு. நாங்க அவரு வாட்ச்ச வச்சி அஞ்சாறு தடவ பாத்தோம் சார். பதினாலரை, பதினஞ்சு, அதுக்கு மேல போவல. அப்படித் தான் பழகினேன். பொடியப் போடுவேன், ஸ்டிரரத் தட்டுவேன், டீக்குப் போவேன், வந்து காஸ்டிக் விடுவேன். நோட்டுல நேரம்னு ஒரு கட்டம் இருக்கும். மாசம் பொறந்ததுமே அந்தக் கட்டம் பூரா பதினஞ்சு, பதினஞ்சுன்னு மேல இருந்து கீழ வரைக்கும் போட்டு வச்சிடுவேன். அப்பப்ப எழுதறத விட அது சுலபம்.

அப்பறம் நாலு வழி ரோடு போட வந்தாங்க. கேட்டுக்குப் பக்கத்துல இருந்த டீக்கடையத் தூக்கி ரோட்டுக்கு அந்தப் பக்கம் போட்டுட்டாங்க. நடுவுல சுவரு. பாலத்துக்கு அடியில பூந்து சுத்திக்கினு தான் போவணும். போவ வர கொஞ்சம் கூட ஆவும் தான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா நீங்களே சொல்லுங்க, ரெண்டு நிமிஷம் கூட கலக்கினா மாத்திரைக்கு என்னா நஷ்டம்? அவசரப்பட்டு பாதியில தூக்கினா தான் பாவம். அதுக்கும் ஒரு அவகாசம் குடுக்கணும் இல்லியா?

அதே சமயத்துல மாத்திரை அடிக்கிற பவுடர் மூட்டையும் மாறிச்சி. முன்ன வந்த பவுடர் முகத்துக்குப் போடற பவுடர் மாதிரி நைஸா இருக்கும், ஆசிட்ல விழுந்ததும் காணாமப் போயிடும். புதுசா வந்தது கொஞ்சம் நறநறன்னு இருக்கும். போட்டதும் அடியில மணலு மாதிரி சுத்திக்கினு கெடக்கும். ஆனா டீ குடிச்சிட்டு வந்து பாத்தா சுத்தமா கரைஞ்சிருக்கும் சார். முப்பத்தொண்ணு, முப்பத்திரெண்டு, அதுல தான் ரீடிங் நிக்கும். எம்.டி. சார் ரவுண்ட்ஸ் வரும்போது நின்னு கேப்பாரு, எப்படி இருக்கு பிலோ புதுப் பவுடருன்னு. முப்பத்தொண்ணு சார்னுவேன். உன் கை ராசின்னுட்டுப் போவாரு.

போன தை மாசம் தான் சுகிர்தா வந்தா. சனிக்கிழமை கெமிஸ்டுக்கு வயசாயிடுச்சி, தினமும் ஒரு கெமிஸ்ட் இருந்தே ஆவணும்னு மேல இருந்து சொல்லிட்டாங்களாம். பண்ருட்டிப் பொண்ணு. எம்.எஸ்சி. ஒல்லியா, சத்தம் இல்லாம பேசுவா. என்னை அக்கா, பிலோக்கான்னு தான் கூப்பிடுவா. வந்த மூணாம் நாளு என் கையில இருக்கற வெடிப்பப் பாத்துட்டு ரப்பர் உறை ஒரு டப்பா வாங்கியாந்து வச்சா. எனக்குச் சுருக்குன்னுச்சி. பதினோரு வருஷமா வெறுங்கையில பண்ண வேலைக்கு இவ வந்து உறை மாட்டி விடறாளேன்னு. அந்த டப்பாவ நான் பிரிக்கவே இல்ல.

அவ டீக்கு வர மாட்டா சார். அதான் முதல் தகராறு. கையில வாட்ச்சக் கட்டிக்கினு ஸ்டிரர் எதுக்கவே குந்திக்கினு இருப்பா. வாம்மான்னா, நீங்க போயிட்டு வாங்கக்கா, நான் பாத்துக்கறேன்னுவா.

அப்ப ஒரு லெட்டர் வந்துச்சி. ஊரூரா கேம்ப் போட்டு மாத்திரை குடுக்கற ஒரு டிரஸ்டு, எங்க கிட்ட தான் வாங்கறாங்க. மூணு ஊர்ல சனங்க, மாத்திரைக்கு எரிச்சல் கேக்கவே இல்லன்னு சொல்றாங்களாம். சாப்பிட்டு ஒரு மணி நேரமாயும் நெஞ்செரிச்சல் அப்படியே இருக்குதாம். ஒரு அம்மா வலி தாங்காம ஆஸ்பத்திரிக்கே போயிடுச்சாம். எனக்கு அப்பவே தெரியும், மென்னிருக்க மாட்டாங்க. நம்ம சனங்க எத மென்னாங்க? அட்டையில இங்கிலீஷ்ல போட்டிருக்கு, யாரு படிக்கறது? நான் சுகிர்தா கிட்ட அதத் தான் சொன்னேன்.  அவ அந்த டிரஸ்டுக்குப் போன பேட்ச் மாத்திரைய எடுத்தா, இடிச்சா, ஆசிட்ல போட்டா. வாட்ச்சப் பாத்துக்கினே இருந்தா. பதினஞ்சாவது நிமிஷம் ஸ்டிரர நிறுத்திட்டு காஸ்டிக் விட்டா.

நாப்பத்திமூணு.

முப்பத்தாறு தாண்டக் கூடாது சார். நாப்பத்திமூணு. நான் பாஸ் போட்ட பேட்ச்.

நான் வந்து பாக்கறேன், பீக்கர் அடியில பொடி அப்படியே கெடக்குது. கரையவே விடலியேம்மான்னேன். மறுபடியும் போட்டா. மறுபடியும் நாப்பத்திமூணு. அப்பறம் என்னைப் பாத்து, அக்கா, நீங்க எவ்வளவு நேரம் கலக்குவீங்கன்னா. டீ குடிச்சிட்டு வர்ற நேரம்னேன். எந்தக் கடைலன்னா. சொன்னேன். அவ ஜன்னல் வழியா ரோட்டப் பாத்தா, நடுவுல இருக்கற சுவத்தப் பாத்தா, அப்பறம் வாயப் பொத்திக்கினு சிரிச்சிட்டா. "ஐயோ அக்கா, அப்ப இது ஆசிட் டெஸ்ட் இல்ல, டீ டெஸ்ட்டு"ன்னா.

கிண்டலா சொல்லல. இப்ப யோசிச்சிப் பாத்தா கிண்டலா சொல்லலன்னு தான் தோணுது. பயந்துபோயி சிரிச்ச மாதிரி தான் இருந்துச்சி. ஆனா பேக்கிங் ரூம்ல இருந்து அட்டை வாங்க வந்த பொண்ணு ஒண்ணு கதவாண்ட நின்னுக்கினு கேட்டுடுச்சி. போதாதா? மத்தியானத்துக்குள்ள கம்பெனி பூரா டீ டெஸ்ட்டு. நான் வராண்டால நடந்தா, வழி விடுங்கடி, டீ டெஸ்ட்டு வருதுன்னு ஒருத்தி. சாப்பாட்டு மேசைல, பிலோக்கா, பேட்ச் ஃபெயிலு, இன்னொரு டீ குடிச்சிட்டு வாங்கன்னு ஒருத்தி. நான் சோத்த மூடி வச்சிட்டு எழுந்துட்டேன் சார். அந்தப் பொண்ணுங்க எல்லாம் எனக்கு அப்பறம் வந்ததுங்க. அதுங்க முன்னாடி அழக் கூடாதுன்னு பாத்ரூம்ல போயி நின்னேன். வயித்துல அப்படி ஒரு எரிச்சல். நாங்க அடிக்கிற மாத்திரை எதுவும் அதுக்குக் கேக்காது.

திண்டிவனம் போயிடுச்சா? சரி.

சுகிர்தா ஃபெயில்னு எழுதி எம்.டி. சாருக்கு அனுப்பிட்டா. அந்தப் பவுடர்ல அடிச்ச எல்லாத்தயும் திருப்பி வாங்கணும்னு வேற எழுதியிருந்தா. சார் ரெண்டு பேரையும் கூப்பிட்டாரு. கோபமே படல. அவரு எப்பவும் கோபப்பட மாட்டாரு, அது தான் அவரு குணம். "ஒரே மாத்திரை, ரெண்டு ரீடிங். எனக்குச் சண்டை வேணாம். வெள்ளிக்கிழமை என் முன்னாடி ரெண்டு பேரும் பண்ணுங்க. யாரு கை சரின்னு எல்லாரும் பாக்கட்டும்"னாரு.

வெள்ளிக்கிழமை காலைல பத்து மணி. லேப்ல எம்.டி. சார், மேனேஜரு, பேக்கிங் சூப்பர்வைசரு, நாங்க ரெண்டு பேரு. ரெண்டு ஸ்டிரர் பக்கத்துல பக்கத்துல. ஒரே பாட்டில் மாத்திரை, ஒரே உரல்ல இடிச்சி, தராசுல நிறுத்து ரெண்டா பிரிச்சோம். சார் வாட்ச்சக் கழட்டி மேசை மேல வச்சாரு. போடுங்கன்னாரு. ஒண்ணா போட்டோம்.

 பதினோரு வருஷத்துல நான் பீக்கருக்கு முன்னாடி நின்னு காத்துக்கினு இருந்ததே கிடையாது. அன்னிக்குத் தான் பாக்கறேன். பொடி சுத்துது, சுத்துது, கரைய மாட்டேங்குது. அஞ்சு நிமிஷம். எட்டு நிமிஷம். அவ பீக்கரப் பாக்கறேன், அதே மணலு. என் பீக்கரப் பாக்கறேன், அதே மணலு.  ஸ்டிரர் சத்தம் மட்டும் தான். மாதாவே, கரைய வை தாயே, என் மானத்தக் காப்பாத்துன்னு உள்ளுக்குள்ள வேண்டிக்கினு இருக்கேன். பத்து நிமிஷம். பன்னண்டு. பாதி கூட கரையல. இப்ப காஸ்டிக் விட்டா என்னா வரும்னு எனக்குத் தெரிஞ்சி போச்சி. 

பதினாலு நிமிஷம் இருக்கும். எம்.டி. சார் வாட்ச்ச எடுத்துக் கையில கட்டிக்கினாரு. "பிலோ, எவ்வளவு நேரமா எல்லாரும் நின்னுக்கினே இருக்கோம். போயி டீ வாங்கிட்டு வா"ன்னாரு.

"சார், இன்னும் ஒரு நிமிஷம் தான்."

"உன் பீக்கர் எங்கயும் ஓடிடாது. போயிட்டு வா."

பிளாஸ்க்க எடுத்துக்கினு போனேன். அந்த டென்ஷன்லயும் எங்களுக்கு ஒரு வாய் டீ வாங்கிக் குடுக்கணும்னு அவருக்குத் தோணிச்சி பாருங்க, எந்த மொதலாளிக்குத் தோணும்? வெயில்ல பாலத்தச் சுத்தி, வாங்கிக்கினு, திரும்பி வந்தேன். எல்லாருக்கும் ஊத்திக் குடுத்தேன். அதுக்குள்ள சுகிர்தா முடிச்சிட்டா. நாப்பத்திமூணு. போர்டுல எழுதி வச்சிருக்கு. நான் என் பீக்கர்ல பாக்கறேன், சார், பளிங்கு மாதிரி. அடியில ஒரு துகள் இல்ல. காஸ்டிக் விட்டேன். மஞ்சள். மஞ்சள். பச்சை. நீலம். முப்பத்தொண்ணு புள்ளி ரெண்டு.

சூப்பர்வைசர் கை தட்டினாரு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சி.

அப்ப அவ சொல்றா, "சார், அவங்க பீக்கர் முப்பத்தெட்டு நிமிஷம் ஓடியிருக்கு." வாட்ச்சக் காட்டறா. சார் அவ வாட்ச்சப் பாக்கவே இல்ல. மேனேஜர் பக்கம் திரும்பி, நீங்க டைம் பாத்தீங்களான்னாரு. அவரு இல்லன்னு தலைய ஆட்டினாரு. சூப்பர்வைசர் தரையப் பாத்தாரு. அப்பறம் எம்.டி. சார் என் கிட்ட வந்தாரு. "பிலோ, நீ சொல்லு. எவ்வளவு நேரம்?"

அவ என்னைப் பாத்தா சார். கெஞ்சல. சும்மா தான் பாத்தா. ஒரு நொடி தான். எனக்கு அந்த நொடியில பேக்கிங் ரூம் சிரிப்பு தான் காதுல கேட்டுச்சி. வழி விடுங்கடி, டீ டெஸ்ட்டு வருது.

"பதினஞ்சு நிமிஷம் சார்"னேன்.

நோட்டுல ஏற்கெனவே பதினஞ்சு தான போட்டிருந்துச்சி.

அன்னிக்கே அவளுக்கு லெட்டர் குடுத்துட்டாங்க. தப்பான ரீடிங் எழுதி கம்பெனி பேரக் கெடுத்தாள்னு. அவ சும்மா போவல, மருந்து ஆபீஸுக்கு எழுதிப் போட்டுட்டா. அதான் விசாரணை. போவும்போது என் கிட்ட ஒரு வார்த்தை சொல்லிக்காம போயிட்டா, அது தான் சார் எனக்கு ஆறல. மூணு மாசம் ஒரே ரூம்ல இருந்தோம். வரேன்க்கான்னு ஒரு வார்த்தை. வாய் என்னா தேஞ்சிடுமா?

போன வாரம் எனக்குச் சம்மன் வந்துச்சி. அன்னிலேருந்து தூக்கம் சரியில்ல. மறுநாள் காலைல சீக்கிரமே லேபுக்குப் போயிட்டேன். யாரும் இல்ல. அந்த பேட்ச்ல மிச்சம் இருந்த மாத்திரைய எடுத்து இடிச்சிப் போட்டேன். டீக்குப் போவல. ஏன் போவலன்னா, சும்மா தான். ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்து ஜெபமாலைய எடுத்தேன். நாங்க வேதக்காரங்க சார். ஐம்பத்துமூணு மணி ஜெபம் முழுசா சொன்னா எங்க கோயில்ல பதினஞ்சு, பதினாறு நிமிஷம். சின்ன வயசுலேருந்து சொல்றேன், அது மாறாது. கடைசி மணி முடிஞ்சதும் ஸ்டிரர நிறுத்தினேன். காஸ்டிக் விட்டேன்.

நாப்பத்திரெண்டரை.

அவசரமா சொல்லிட்டேன் போலன்னு நினைச்சேன். மனசு சரியில்லாதப்ப வாய் ஓடும். மறுநாளும் போனேன், நிறுத்தி நிறுத்திச் சொன்னேன், ஒவ்வொரு மணியா உருட்டி. நாப்பத்திமூணு. அன்னிக்கும் அவசரமா தான் சொல்லியிருப்பேன்.

அப்படிப் பாக்காதீங்க சார். நீங்க மாத்திரை போட்ட ஆளு, மாத்திரைய அடிக்கறவங்க கஷ்டம் உங்களுக்குத் தெரியாது. ரெண்டையும் சாக்கடையில ஊத்திட்டேன். யாருக்கும் சொல்லல. உங்களுக்குத் தான் சொல்றேன், நீங்க எறங்கிப் போயிடுவீங்க.

என் ரீடிங்ல ஒரு சொட்டு பொய் கிடையாது. அத மட்டும் நீங்க நம்பணும். முப்பத்தொண்ணு புள்ளி ரெண்டுன்னா அது முப்பத்தொண்ணு புள்ளி ரெண்டு தான். என் கண்ணு பொய் சொல்லாது. நேரம் தான், அது வந்து... அது கையில புடிக்கற விஷயமா?

இத பாருங்க, எம்.டி. சார் தாள்ல அடிச்சிக் குடுத்திருக்காரு. நாலே வரி. நான் அன்று பரிசோதனையை விதிப்படி செய்தேன். பதினைந்து நிமிடங்கள் கலக்கினேன். இதெல்லாம் மனப்பாடம் பண்ணிட்டேன். செங்கல்பட்டு தாண்டினதும் ஒரு தடவ சொல்லிப் பாத்துக்கணும்னு நினைச்சிக்கினே வந்தேன். நீங்க ஒரு உதவி பண்ணுங்களேன். நீங்க தான் ஆபீசர்னு வச்சிக்கங்க. சும்மா, எனக்காக. ஏம்மா, அன்னிக்கு உன் பீக்கர் எவ்வளவு நேரம் ஓடிச்சின்னு கேளுங்க.

பதினைந்து நிமிடங்கள் ஐயா.

பாத்தீங்களா, தடங்கலே இல்லாம வந்துச்சி. இன்னொண்ணு கேளுங்க. உங்களுக்கு எது தோணுதோ அது. குறுக்கால கேள்வி கேப்பாங்களாம், வக்கீல் சொல்லி அனுப்பினாரு.

என்னாது? டீ வாங்கியாரச் சொன்னது யாரா?

எம்.டி. சார் தான். சொன்னனே. இல்ல, அது இந்தத் தாள்ல இல்ல. இல்லன்னா என்னா, அதுல ஒண்ணும் கெடையாது சார். எல்லாரும் நின்னுக்கினே இருந்தாங்க, அவருக்கும் தொண்டை காஞ்சிருக்கும், அவரும் ஒரு வாய் குடிச்சி...

இல்ல.

அவரு குடிக்கல.

அவரு டீ குடிக்க மாட்டாரு சார். அவருக்கு அல்சரு. பால் தான், அதுவும் வீட்லேருந்து வரும். டீ, காபி வாசமே ஆவாது. பதினோரு வருஷத்துல எங்க லேப்ல நின்னுக்கினு டீ வாங்கிட்டு வான்னு அவரு ஒரு தடவ கூட சொன்னது கிடையாது. அன்னிக்கு நான் ஊத்திக் குடுத்த கிளாஸ வாங்கி அப்படியே தராசு பக்கத்துல வச்சாரு. ஆடை கட்டி ஆறிப்போயி கெடந்துச்சி. நான் தான் கழுவினேன். சுகிர்தா லெட்டர வாங்கிக்கினு வெளிய போவும்போது நான் அந்த கிளாஸத் தான் கழுவிக்கினு இருந்தேன். அவ வரேன்னு சொல்லியிருப்பாளோ? தண்ணி சத்தத்துல எனக்குக் கேக்காமப் போயிருக்குமோ?

வாட்ச்சப் பாத்துட்டுத் தான் சார் கட்டிக்கினாரு. பதினாலாவது நிமிஷம். கடை எங்க இருக்குன்னு அவருக்குத் தெரியும். பாலத்தச் சுத்திக்கினு தான் போவணும்னு தெரியும், தினமும் கார்ல அது வழியா தான வராரு. என் டெஸ்ட்டு எப்படி பாஸ் ஆவுதுன்னு அந்தப் பொண்ணு கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடியே அவருக்குத் தெரியும். ரவுண்ட்ஸ் வந்து நின்னு கேப்பாரே, எப்படி இருக்கு பிலோ புதுப் பவுடருன்னு. நானும் பல்லக் காட்டிக்கினு முப்பத்தொண்ணு சார், முப்பத்தொண்ணு சார்னு.

கை ராசியாம்.

அந்த ஆஸ்பத்திரிக்குப் போன அம்மா. அவங்க மென்னு தான் தின்னாங்களோ என்னமோ. நான் யாரையும் கேக்கல. ஒருத்தர் கிட்டயும் கேக்கல சார்.

தண்ணி வேணாம், நான் நல்லா தான் இருக்கேன். எது வந்துச்சி, தாம்பரமா? கிண்டி இன்னும் அரை மணி இருக்குமா? இருக்கும். அந்தப் பொண்ணு எதுக்க தான் உக்காந்திருக்குமாம், வக்கீல் சொன்னாரு, அவ மூஞ்சியப் பாக்காம பேசுன்னாரு. அந்தத் தாள நீங்களே புடிச்சிக்கங்க. இல்ல, குடுங்க, மடிச்சி வச்சிக்கறேன், இத யாரு அடிச்சிக் குடுத்தாங்கன்னும் கேப்பாங்க இல்ல.

மறுபடியும் கேளுங்க சார். மொதல் கேள்வியிலேருந்து. பக்கத்து சீட்டுக்குக் கேட்டா கேக்கட்டும், சத்தமாவே கேளுங்க.

முப்பத்தெட்டு நிமிஷம் ஐயா. எழுதிக்குங்க.